கரப்பானுக்கு ஸ்டீராய்டு இல்லாத களிம்பு... பயமில்லாமல் பூசுவது எப்படி?

திருச்சிப் பக்கம் ஒரு வீடு. ஆறு வயதுப் பெண் குழந்தை. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் அந்த வீட்டில் ஒரு சத்தம் மட்டும் நிற்காது. தோலில் நகம் உரசும் சத்தம். முழங்கையின் உள்மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, கன்னம் என்று குழந்தை தூக்கத்திலேயே சொறிந்துகொண்டிருக்கும். காலையில் தலையணை உறையில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை. "இது மத்தப் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று பள்ளியில் டீச்சர் கேட்ட அன்று, அம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

ஒட்டாது. எக்ஸிமா தொற்றுநோய் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை.

பாட்டி அதைக் 'கரப்பான்' என்றார். நம் ஊரில் பல வீடுகளில் அதுதான் பெயர். கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, முட்டை எல்லாம் ஒவ்வொன்றாகக் குழந்தையின் தட்டிலிருந்து விலகின. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில் எரிச்சல் தாங்காமல் குழந்தை வீட்டையே ரெண்டாக்கிவிட்டது. கடைசியில் தெருமுனை மருந்துக்கடையில் அப்பா ஒரு ட்யூப் வாங்கி வந்தார். மூன்றே நாளில் தோல் வழுவழுவென்று ஆனது. வீட்டில் எல்லோர் முகத்திலும் நிம்மதி. நிறுத்திய ஒரே வாரத்தில் பழையபடி அரிப்பு. மறுபடி அதே ட்யூப். இப்படியே பதினான்கு மாதங்கள் ஓடின.

தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் பார்த்தது முழங்கையை இல்லை, கன்னத்தை. மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு. அதற்கு அடியில் சிவப்பு நூல் இழைகளாக ரத்தக் குழாய்கள்.

"என்ன க்ரீம் போடறீங்க?"

அம்மா கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தார். தீவிரமான ஸ்டீராய்டு ஒன்று, அதோடு பூஞ்சை மருந்து ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று. எல்லாம் ஒரே ட்யூபில்.

"இதை முகத்துல போடச் சொன்னது யாரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

ஸ்டீராய்டு வில்லனா?

இந்த இடத்தில் ஸ்டீராய்டுக்கும் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். 1952இல் மேரியன் சல்ஸ்பெர்கர், விக்டர் விட்டன் என்ற இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின் மேல் பூசிப் பலன் கண்டார்கள். அதற்கு முன் எக்ஸிமாவுக்குத் தாரும் துத்தநாகக் களிம்பும்தான் முக்கிய கதி. இன்றும் திடீரென்று கொதித்துக் கிளம்பும் எக்ஸிமாவை அடக்க மருத்துவர் முதலில் எடுப்பது ஸ்டீராய்டு களிம்பைத்தான். எக்ஸிமா என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் 'பொங்கி வழிவது' என்றுதான் அர்த்தம். சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சொன்ன நாள்வரை பூசினால் அது பாதுகாப்பான மருந்து.

சிக்கல் எங்கே என்றால், உள்ளங்கைத் தோலுக்கும் இமைத் தோலுக்கும் ஒரே ட்யூபைப் பயன்படுத்துவதில்தான். முகம், இமை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. மருந்தை வேகமாக உறிஞ்சும். தீவிர ஸ்டீராய்டு அங்கே மாதக்கணக்கில் போனால் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் குறைந்து, தோல் சிகரெட் தாள்போல மெலியும். இமையைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண் அழுத்தம் கூடும் ஆபத்தும் உண்டு.

இந்தியாவில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை. சிவப்பழகுக்கு, பருவுக்கு, படர்தாமரைக்கு, எறும்புக் கடிக்கு என்று எதற்கும் ஸ்டீராய்டு ட்யூப் கை மாறுகிறது. தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தது சரி. தெருமுனைக் கடையில் இன்றும் "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் என்ன கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ட்யூபின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அங்கே பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று 'சோன்' ஒலியில் முடிந்தாலோ, க்ளோபெட்டசால், ஹேலோபெட்டசால் என்று இருந்தாலோ அது ஸ்டீராய்டு. இந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டாலே வீட்டு அலமாரியில் கிடக்கும் பாதி ட்யூப்களை அடையாளம் கண்டுவிடலாம்.

சுகுபா மண்ணில் கிடைத்தது

மருத்துவர் அந்தக் குழந்தைக்கு இரண்டு களிம்புகள் எழுதினார். முழங்கை, முழங்கால் மடிப்புக்கு நடுத்தர வீரியமுள்ள ஸ்டீராய்டு, சில நாள்களுக்கு மட்டும். கன்னத்துக்கும் கழுத்துக்கும் டாக்ரோலிமஸ் 0.03 சதவிகிதக் களிம்பு. மடிப்புகளில் சிவப்பு அடங்கியதும் அங்கேயும் இதற்கே மாறச் சொன்னார். இத்தனை மாதம் ஸ்டீராய்டுக்குப் பழகிய கன்னம் அதை நிறுத்தியதும் சில நாள் கூடுதலாகவே சிவக்கும், பதறாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

டாக்ரோலிமஸின் பிறப்பு சுவாரசியமானது. 1984இல் ஜப்பானில் சுகுபா மலைப் பகுதியின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பெயரின் முதல் எழுத்தே சுகுபாவின் முதல் எழுத்துதான். மாற்று ஈரலையும் சிறுநீரகத்தையும் உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் மாத்திரையாகத்தான் அது முதலில் பேர் வாங்கியது. பிறகுதான் களிம்பானது. அமெரிக்காவில் 2000 டிசம்பரில் டாக்ரோலிமஸ் களிம்புக்கும், அடுத்த ஆண்டு அதன் உறவுக்காரரான பைமெக்ரோலிமஸ் க்ரீமுக்கும் எக்ஸிமாவுக்கான அனுமதி கிடைத்தது.

எக்ஸிமாவில் நடப்பது இரண்டு. தோலின் மேலடுக்கு ஓட்டைச் சுவர்போல ஆகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியே இருக்கும் தூசு, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே நுழைகின்றன. அதைக் கண்டு நோய் எதிர்ப்பு அணுக்கள் தேவைக்கு மேல் ஆர்ப்பாட்டம் செய்கின்றன. அந்த ஆர்ப்பாட்டத்துக்கு உத்தரவு போடும் கால்சிநியூரின் என்ற புரதத்தைத்தான் டாக்ரோலிமஸ் தடுக்கிறது. கொலாஜன் பக்கம் அது போவதில்லை. அதனால் தோல் மெலிவதில்லை. முகத்துக்கும் இமைக்கும் கழுத்துக்கும் மருத்துவர்கள் இதைத் தேடுவது அதனால்தான்.

0.03 சதவிகிதம் 2 வயது முதல் 15 வயது வரை. 0.1 சதவிகிதம் 16 வயதுக்கு மேல். அண்ணனுக்கு எழுதிய ட்யூபைத் தங்கைக்குப் போடும் வழக்கம் இங்கே உதவாது. 2 வயதுக்குக் கீழே என்றால் அது முழுக்க முழுக்க மருத்துவரின் முடிவு.

இதே 'ஸ்டீராய்டு இல்லாத' வரிசையில் கிரிசபரோல் என்ற களிம்புக்கு 2016இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. லேசான, நடுத்தர எக்ஸிமாவுக்கானது. ரக்சோலிட்டினிப் க்ரீமுக்கு 2021இல். ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று கடைக்காரர் மாற்றிக் கொடுக்க முடியாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். மூட்டுவலி ஜெல்களையும் 'நான்-ஸ்டீராய்டல்' என்றுதான் சொல்வார்கள். அது வலிநிவாரணியைக் குறிக்கும் பெயர். "ஸ்டீராய்டு இல்லாதது குடுங்க" என்று கேட்டு டைக்ளோஃபெனாக் ஜெல்லை வாங்கிக் குழந்தையின் கன்னத்தில் தேய்த்தால் விபரீதம். அந்த வகை மருந்து ஒன்றை எக்ஸிமாவுக்குப் பூசிப் பார்த்த அனுபவமும் உலகத்துக்கு உண்டு. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் விற்ற புஃபெக்சமாக் க்ரீமே தோல் அலர்ஜியைக் கிளப்புகிறது என்று தெரிந்து, 2010இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் இரவு

கதைக்குத் திரும்பலாம். முதல் நாள் இரவு கன்னத்தில் டாக்ரோலிமஸ் பூசிய பத்தாவது நிமிடம் குழந்தை அலறியது. "எரியுதும்மா, மிளகாய் மாதிரி எரியுது!" அம்மா ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பிறகு தூக்கம் வராமல் செல்போனில் மருந்தின் பெயரைத் தட்டினார். திரையில் வந்த முதல் சொல் புற்றுநோய்.

ட்யூப் ஃப்ரிட்ஜ் மேலே ஏறியது. அத்தையிடமோ கணவரிடமோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் குழந்தையின் கழுத்து வெடித்து நீர் கசிந்தது. இந்த முறை கடைக்காரரிடம் போகாமல் மருத்துவரிடமே போனதுதான் நல்ல காலம்.

"எனக்குப் பயமா இருந்துச்சு டாக்டர். கேன்சர் வரும்னு போட்டிருக்கு."

"போட்டிருக்குதான். நான் அன்னிக்கே அதைச் சொல்லியிருக்கணும்மா, தப்பு என்மேல" என்றார் மருத்துவர். அப்படிச் சொல்லும் மருத்துவர் கிடைப்பது பெரிய விஷயம்.

அந்த எச்சரிக்கையின் கதை இதுதான். 2006இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டாக்ரோலிமஸ், பைமெக்ரோலிமஸ் இரண்டின் பெட்டியிலும் கட்டம் கட்டி ஓர் எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. மாற்று உறுப்பு பெற்றவர்கள் இதே மருந்தை விழுங்கும்போது நிணநீர்ப் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. அதிக அளவு கொடுத்த விலங்குகளிலும் அப்படிக் காணப்பட்டது. களிம்பு பூசியவர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புற்றுநோய்ச் செய்திகள் வந்தன. களிம்புதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. இருந்தாலும் சொல்லிவைப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

விழுங்குவதற்கும் பூசுவதற்கும் தூரம் அதிகம். டாக்ரோலிமஸ் பெரிய மூலக்கூறு. புண்ணான தோல் ஆற ஆற, அது உள்ளே நுழைவதும் குறைந்துகொண்டே வரும். பூசுபவர்களில் பெரும்பாலானோரின் ரத்தத்தில் அதன் அளவு மிகச் சொற்பம். சந்தேகத்தைத் தீர்க்க, டாக்ரோலிமஸ் பூசிய ஏறக்குறைய 8,000 குழந்தைகளைப் பத்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. அந்த வயதுக் குழந்தைகளிடம் சாதாரணமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட அவர்களிடம் புற்றுநோய் அதிகமாகக் காணப்படவில்லை. எச்சரிக்கைக் கட்டம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: தேவையான இடத்தில் மட்டும், தேவையான நாள்வரை மட்டும் பூசுவது.

எரிச்சலுக்கும் விளக்கம் உண்டு. இந்தக் களிம்பைத் தொடங்கும் பலருக்கு முதல் சில நாள்கள் எரியும், அரிக்கும். தோல் ஆறத் தொடங்கியதும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், அது அடங்கிவிடும். புண் கொதித்துக்கொண்டிருக்கும்போது நேரே இதில் தொடங்காமல் சில நாள் ஸ்டீராய்டில் தணித்துவிட்டு மாறினால் எரிச்சல் குறையும். குளித்த ஈரத்தோடு பூசினால் அதிகம் எரியும். அந்த அம்மா செய்தது அதுதான்: குளிப்பாட்டித் துண்டால் ஒற்றிய கையோடு பூசியிருந்தார். பெரியவர்களுக்கு இன்னொரு விசித்திரம்: இந்தக் களிம்பு பூசுகிற காலத்தில் மது அருந்தினால் சிலருக்கு முகம் குப்பென்று சிவந்து எரியும்.

அந்த வீட்டின் புது நடைமுறை

மாலை ஆறரைக்குக் குளியல். வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள். பயத்தம் மாவு, நலங்கு மாவு, நார், பீர்க்கங்கூடு எதுவும் தேய்ப்பதில்லை. வாசனை இல்லாத மென்மையான சோப்பு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்கு முன் உடம்பெங்கும் மாய்ஸ்சரைசர். இதில்தான் நம் வீடுகளில் கஞ்சத்தனம் அதிகம். நூறு ரூபாய் க்ரீமைச் சந்தனம்போலத் தொட்டு வைப்பார்கள். எக்ஸிமா குழந்தைக்கு அது வாரக் கணக்கில் காலியாக வேண்டிய பொருள். விலை கட்டுப்படியாகாவிட்டால் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். தேங்காய் எண்ணெய் பல குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் சுவரை இன்னும் பலவீனமாக்கும்.

களிம்பு எட்டரைக்கு மேல், படுக்கப் போகும்போது. மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். ஆறு வயதுக் குழந்தையின் முழங்கை மடிப்புக்கு அரைப் பட்டாணி அளவு தாராளம். வெண்ணெய்போல அப்ப வேண்டாம். மெல்லிய படலமாகப் பரப்பினால் சரி. மேலே பிளாஸ்டிக், இறுக்கமான கட்டு எதுவும் கூடாது. கண்ணுக்குள், மூக்குக்குள், வாய்க்குள் படக் கூடாது. பூசியவர் கை கழுவ வேண்டும். காலையில் இரண்டாவது பூச்சு. பூசிய இடத்தில் நேர் வெயில் படாமல் முழுக்கைச் சட்டை. விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் டீச்சரிடம் ஒரு வார்த்தை. 'ஒட்டிக்குமா' என்று கேட்ட அதே டீச்சர்தான் இப்போது அந்தக் குழந்தையை நிழலில் உட்காரவைக்கிறார்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் இன்னொரு ட்யூப் வாங்கக் கூடாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எக்ஸிமா என்று நினைத்தது படர்தாமரையாக இருக்கலாம், சொறி சிரங்காக இருக்கலாம். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவினால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஸ்டீராய்டும் ஆகாது, டாக்ரோலிமஸும் ஆகாது.

பூசுவதை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய தருணங்களும் உண்டு. புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால், சீழ் வைத்தால் கிருமி புகுந்துவிட்டது. காய்ச்சலோடு, ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, ஊசியால் குத்தி எடுத்ததுபோலக் குழி விழுந்தால் அது ஹெர்பீஸ் வைரஸ். எக்ஸிமா தோலில் மளமளவென்று பரவும். அன்றைக்கே மருத்துவமனை. முகத்தில், கண்ணருகில் என்றால் இரவு, பகல் பார்க்கக் கூடாது. அம்மை போட்டிருக்கும்போது களிம்பு கூடாது. தடுப்பூசி நாள் நெருங்கினாலும், வீட்டில் பூசிக்கொள்பவர் கர்ப்பமாக இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் பாட்டிதான் கேட்டார்: "அப்ப கத்தரிக்காய் குடுக்கலாமா டாக்டரம்மா?"

"எதைச் சாப்பிட்டா உடனே உதடு வீங்குது, தடிப்பு வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா பாட்டி?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப குடுங்க. வளர்ற பிள்ளை. முட்டையையும் குடுங்க."

சில குழந்தைகளுக்கு, முக்கியமாகக் கடுமையான எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளுக்கு, உண்மையிலேயே உணவு அலர்ஜி இருக்கும். அதைச் சோதித்துத்தான் ஒதுக்க வேண்டும். ஊர்ப் பேச்சைக் கேட்டு நாலைந்து சத்தான பொருள்களை ஒரேயடியாக நிறுத்தினால் குழந்தை இளைக்கும். அரிப்பு அப்படியே இருக்கும்.

ஆறு வாரத்தில் மடிப்புகள் ஆறின. கன்னத்தின் சிவப்பு இழைகள் மங்கத்தான் மாதங்கள் பிடித்தன. இன்னும் முழுதாகப் போகவில்லை. தோல் தெளிந்ததும் தினப் பூச்சை நிறுத்தி, வழக்கமாக எக்ஸிமா கிளம்பும் இடங்களில் மட்டும் வாரம் இரண்டு நாள் பூசச் சொன்னார் மருத்துவர். வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை இது அடக்கிவைக்கும். அடிக்கடி கிளம்பும் எக்ஸிமாவுக்கு ஐரோப்பாவில் ஓர் ஆண்டு வரை இப்படிப் பூச அனுமதி உண்டு. ஆண்டு முடிவில் தொடரலாமா என்று மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். இரண்டு நாள்களுக்கும் நடுவே போதுமான இடைவெளி வேண்டும்.

எந்த இரண்டு நாள் என்று அம்மா யோசித்துக்கொண்டிருந்தபோது பாட்டி முடிவு செய்துவிட்டார். செவ்வாய், வெள்ளி. விளக்கேற்றும் நாள், யாருக்கும் மறக்காது. ஜவுளிக்கடைக் காலண்டரில் அந்தக் கட்டங்களில் இப்போது பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறது. மார்கழியில் குளிர் இறங்கியபோது முழங்கால் பின்னால் ஒரு முறை மறுபடி சிவந்தது. ஒரு வாரம் தினமும் இரு வேளை பூசினார்கள், அடங்கியது, பென்சில் புள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள்.